எந்த வீட்டுப் புகை முந்தி

அனார்குல் தன் வீட்டுக்கு வந்து சேர்ந்தது மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால். தன் வீடு என்று சொல்லிக்கொள்ள அப்போது அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. மண்கல்லில் எழுப்பிய இரண்டு அறைகள், மேலே கல்நார்த் தகடு, ஒரு ஜன்னலில் கண்ணாடி, இன்னொன்றில் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் தாள். பிஷ்கெக் நகரத்தின் வடக்கு ஓரத்தில், முன்பு சர்க்கரைக்கிழங்கு விளைந்த வயலைக் கோடு போட்டுப் பிரித்துக் கொடுத்த புதுக் குடியிருப்பு அது. தெருவுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. மின்கம்பம் நட்டிருந்தார்கள். கம்பி இழுக்க வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான்.

அவள் புருஷன் எசென் நகரத்தில் மினிபஸ் ஓட்டுகிறவன். அந்த வண்டியிலேயே சாமான்களும் வந்தன. கல்யாணப் பெட்டி, பதினோரு மெத்தைகள், கம்பள விரிப்பு இரண்டு, தேநீருக்கு வெந்நீர் காய்ச்சும் ஒரு சமோவார், மலையடிவாரத்து ஊரான அட்பாஷியிலிருந்து வரும் வழியெல்லாம் அவள் மடியில் இருந்த ஒரு நிலைக்கண்ணாடி. இறக்கும்போதே அனார்குல் எதிர்வீட்டைப் பார்த்துவைத்துக்கொண்டாள். ஜன்னலில் வெள்ளைத் திரை. புகைபோக்கியில் புகை. கொடியில் குழந்தைத் துணி. வாசலில் நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று விரலைச் சப்பிக்கொண்டு இவர்களையே பார்த்தது. ஆக, அவர்கள் முந்தி வந்த குடி, நாம் பிந்தி வந்த குடி என்று அவள் முடிவுகட்டிவிட்டாள்.

"காலுறைய மாத்திக்குங்க. ஓட்ட இல்லாத ஜோடியாப் பாத்து," என்றாள் எசெனிடம்.

"ஏன், யாரு வரப்போறா?"

"யாரும் வரமாட்டாங்க, நாமதான் போகணும். எதிர்வீட்ல கூப்பிடுவாங்கல்ல?"

"சாமான் எறக்குற அன்னிக்கேவா?"

"எங்க ஊர்ல கடைசிப் பெட்டிய எறக்கறதுக்குள்ள தேத்தண்ணி வந்துடும்."

அவள் சொன்னதில் மிகையில்லை. அந்த நாட்டு மக்களிடம் எதை விட்டாலும் விடாத வழக்கம் ஒன்று உண்டு. ஏற்கெனவே குடியிருக்கிற வீடு, புதிதாக வந்த வீட்டைக் கூப்பிட்டு உட்காரவைத்து வரவு விருந்து போட வேண்டும். ஆடு அடித்தாலும் சரி, ஒரு கிண்ணம் தேநீரும் ரொட்டியும் ஆனாலும் சரி. கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு மேய்ச்சலுக்கு மேய்ச்சல் போன காலத்திலிருந்து அப்படித்தான். கூப்பிடாத வீடு கல்நெஞ்ச வீடு. கூப்பிடு என்று வாய்விட்டுக் கேட்கிற வீடோ அதைவிடக் கேவலம்.

அனார்குல் நல்ல தலைத்துணியைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரமாகவே வேலை செய்துகொண்டிருந்தாள். பொழுது சாய்ந்தது. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஒரு பெண் வெளியே வந்தாள், துணிகளை உருவினாள், இவள் வீட்டை ஒரு பார்வை பார்த்தாள், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"களைப்பா இருக்கும்," என்றான் எசென். "நாளைக்குக் கூப்பிடுவாங்க."

மறுநாளும் கூப்பிடவில்லை.

அனார்குலைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அப்பா மாட்டு வைத்தியரின் உதவியாளர். அவருக்கு ஆறு பெண்கள், நாலாவது இவள். ஊசி போடும்போது கடாவைத் தரையோடு அழுத்திப் பிடிக்க அப்பா இவளைத்தான் கூப்பிடுவார், ஏனென்றால் மற்றவர்கள் கடா உதறினால் விட்டுவிடுவார்கள், இவள் விடமாட்டாள். பேச்சு குறைவு. கோபம் தாமதமாக வரும், வந்தால் லேசில் போகாது. இருபத்திரண்டு வயதில் எசெனுக்கு வாழ்க்கைப்பட்டு மாமியார் வீட்டில் இரண்டு வருஷம் இருந்தாள். அந்த இரண்டு வருஷத்தில் புருஷனோடு சேர்ந்து இருந்தது மாதத்துக்கு இரண்டு நாள். அவன் நகரத்தில் தொழிலாளர் விடுதியில், இவள் மலையடிவாரத்தில் மாமியாரோடு. மாமியார் உரும்கான் கெட்டவள் இல்லை. மருமகளை நன்றாகவே வைத்திருந்தாள். ஆனால் கல்யாணம் செய்துகொண்டது மாமியாரை இல்லையே.

எசென் கடைசி மகன். அதுதான் சிக்கல். மூத்தவர்களைப் பங்கு கொடுத்து வெளியே அனுப்புவார்கள். கடைசி மகன் பெற்றவர்களின் அடுப்போடு இருக்க வேண்டும். கடைசி மகன் வீடு என்றால் தாயின் வீடு என்றே அர்த்தம். அந்த மகன் நகரத்தில் மண்வீடு கட்டி மனைவியைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றபோது உரும்கான் கத்தவில்லை, அழவில்லை. மாவு பிசைந்துகொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு மருமகளைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"போ. மூணு மாசம் இருந்து பாரு. ஆகஸ்ட் கடைசியில நான் வருவேன். அதுக்குள்ள அந்தத் தெருவுல ஒரு வீடாவது உங்களக் கூப்பிட்டு வரவு விருந்து போட்டிருந்தா, அது ஊரு. நான் வாயத் தொறக்க மாட்டேன். ஒருத்தரும் கூப்பிடலன்னா அது பொட்டல். பொட்டல்ல என் மருமக இருக்கக் கூடாது. என்கூடக் கெளம்பி வந்துடணும், அவன் பழையபடி மாசத்துக்கு ஒருக்கா வந்து போகட்டும். சரியா?"

"சரிம்மா," என்றாள் அனார்குல். இது ஒரு நிபந்தனையா என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். மனுஷர்கள் இருக்கிற இடத்தில் வரவு விருந்து இல்லாமல் போகுமா?

ஜூன் போயிற்று. அனார்குல் சுவருக்கு மண்ணும் வைக்கோலும் குழைத்துப் பூசினாள். பூசியது காய்ந்து வெடித்தது, மறுபடி பூசினாள். பிளாஸ்டிக் தாளை எடுத்துவிட்டு எசென் கண்ணாடி மாட்டினான். அளவு தப்பி ஒரு விரல் இடைவெளி விழுந்தது, அதில் கந்தலைத் திணித்தார்கள். அடுப்பு அவனே ஏப்ரலில் கட்டியது. ஒரு பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் நன்றாக எரிந்தது. தினமும் காலையில் அவன் வண்டிக்குக் கிளம்புமுன் இரண்டு பேரும் ஒரே கிண்ணத்தில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட்டார்கள். இன்னொரு கிண்ணம் இல்லாமல் இல்லை. இரண்டு வருஷம் பிரிந்திருந்தவர்களுக்கு அது ஒரு செல்லம், அவ்வளவுதான். சாயங்காலம் அவன் வண்டியில் ஏறிய கிறுக்கர்களைப் பற்றிச் சொல்வான், இவள் சிரிக்காமல் கேட்டுவிட்டு, படுக்கையை விரிக்கும்போது நினைத்துக்கொண்டு சிரிப்பாள். அனார்குலுக்கு அந்த வீடு பிடித்துப்போயிற்று. சொல்லப்போனால், தன் வாழ்நாளில் வேறு எதையும் அவள் இவ்வளவு ஆசையாக வைத்திருந்ததில்லை.

எதிர்வீட்டுக்காரியின் பெயர் மினாவர் என்பதும், தெற்கே உஸ்கென் பக்கத்துக்காரி என்பதும் தண்ணீர்க் குழாயில் தெரிந்தது. தெருமுனையில் ஒரே குழாய், காலையில் இரண்டு மணி நேரம் தண்ணீர். இரண்டு பேரும் வாளியோடு நிற்பார்கள். மினாவர் தலையை லேசாக அசைப்பாள். அனார்குலும் அசைப்பாள். அத்தோடு சரி.

"தெக்கத்திக்காரங்க அப்படித்தான்," என்றான் எசென். "பாலில்லாத தேத்தண்ணி குடிக்கிறவங்ககிட்ட என்ன ஈரம் இருக்கும்?"

"பால் இல்லாட்டி என்ன, வெறும் தண்ணியக் கொதிக்கவச்சுக் குடுத்தாக்கூடக் குடிச்சிருப்பேன். கூப்பிடணுமே."

ஜூலையில் தெருவுக்கு இன்னும் மூன்று குடும்பங்கள் வந்தன. அனார்குல் அவர்களைக் கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். அவளுக்கும் தோன்றியது. ஆனால் தன் வரவு விருந்தையே இன்னும் சாப்பிடாதவள் இன்னொருத்திக்கு எப்படிப் போடுவது? முதலில் எதிர்வீடு கூப்பிட வேண்டும், அதற்குப் பிறகு இவள் மற்றவர்களைக் கூப்பிட வேண்டும். முறை என்று ஒன்று இருக்கிறது. இப்படியாக முறை பார்த்துப் பார்த்து, ஐந்து வீட்டுத் தெருவில் ஒருவர் வீட்டு ரொட்டியை ஒருவர் கடித்துப் பார்க்காமல் கோடை கழிந்தது. குழாயடியில் புதிதாக வந்தவர்களும் அனார்குலை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள். எல்லாம் அந்தத் தெக்கத்திக்காரி ஏதாவது சொல்லிவைத்திருப்பாள் என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் கடைசி வாரம் எசெனின் கைப்பேசியில் தகவல் வந்தது. உரும்கான் வியாழக்கிழமை வருகிறாள்.

"ஒரு வீட்டுல கூப்பிட்டாங்கன்னு சொல்லிடுவோமே," என்றான் எசென். "எந்த வீடுன்னு அம்மா போய்ப் பாக்கவா போறாங்க?"

"பாக்கத்தான் போறாங்க. தலைத்துணி எடுத்துட்டு வருவாங்க, எம் புள்ளைக்குச் சோறு போட்ட வீடு எதுன்னு கேட்டு, நேரே போய் அந்த வீட்டுக்காரிக்கு மரியாதையாக் கட்டிவிட்டுட்டுத்தான் வருவாங்க. உங்கம்மாவ உங்களுக்குத் தெரியாதா?"

எசென் யோசித்தான். "ஆமா, போவாங்க," என்றான்.

புதன்கிழமை காலை குழாயடியில் கூட்டம் இல்லை. மினாவர் மட்டும் கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் புருஷன் ஜூன் மாதமே மாஸ்கோவுக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டிருந்தான். தண்ணீர் நூலாக வந்துகொண்டிருந்தது. மினாவரின் இரண்டாவது வாளி நிறைய நேரமாயிற்று. அனார்குல் இரவெல்லாம் தூங்கவில்லை.

"மெதுவா ரொப்புங்க," என்றாள் அனார்குல். "அவசரமே இல்ல. மூணு மாசம் காத்துட்டிருந்தவளுக்கு மூணு நிமிஷம் பெரிசா?"

மினாவர் திரும்பினாள். "என்னத்துக்குக் காத்துட்டிருந்திய?"

"கூப்பிடுவீங்கன்னுதான். ஒரு கிண்ணம் தேத்தண்ணிக்கு. உங்க ஊர்ல புதுசா வந்தவங்களுக்கு அந்த வழக்கமெல்லாம் கெடையாதோ என்னமோ."

மினாவர் குழாயை மூடினாள். தண்ணீர்ச் சத்தம் நின்றதும் முதுகிலிருந்த குழந்தை விழித்துக்கொண்டது.

"நாங்க கூப்பிடணுமா? ஒங்களயா?" என்றாள். "நல்லாருக்கே கதை! நாங்க வண்டியிலேர்ந்து எறங்கையில ஒங்க வீட்டுப் பொகைக்கொழாயில பொகை வந்துட்டு இருந்துச்சுல்லா! எங்க வீட்டுக்காரரு செவுரு எழுப்ப ஏப்ரல்ல வந்தாரு, அப்பவே பொகைஞ்சுதுன்னு சொன்னாரு. பொகையப் பாத்துத்தான நம்மாளுவ எந்தக் குடி முந்தின்னு சொல்லுதது? நீங்க முந்தி, நாங்க பிந்தி. கைப்புள்ளக்காரி வந்து எறங்கியிருக்காளே, ஒரு வாய் தண்ணி குடின்னு கேட்டியளா? பெறத்தால வந்த மூணு குடும்பமும் இதத்தான் என்கிட்ட கேக்குது. அந்த மூத்த குடிக்கு என்ன ஆங்காரமுன்னு."

அனார்குல் வாளியைக் கீழே வைத்தாள்.

"அது அடுப்பு காயறதுக்குப் போட்ட தீ!" என்றாள். "புது அடுப்பு, தினம் கொஞ்சம் கொஞ்சமா எரிச்சு ஈரத்த எடுக்கணும். அப்ப வீட்ல யாரும் இல்ல. நாங்க குடிவந்தது மே கடைசி. நான் வரும்போது உங்க வீட்ல திரையே தொங்குச்சு!"

"ஒங்களுக்கு ஒம்பது நாளு முந்திதான் நாங்களும் வந்தோம். தீயின்னா தீதான? பொகைன்னா பொகைதான? அது அடுப்பக் காயவைக்க வந்த பொகை, இது சோறாக்க வந்த பொகைன்னு நான் மேல ஏறியா மோந்து பாக்க?"

மினாவரின் உதடு நடுங்கியது. சண்டைக்கு நடுங்குகிறது என்று அனார்குல் நினைத்தாள்.

"இது என்ன ஊரு, ஒரு நாதி வாசல்ல வந்து எட்டிப் பாக்கலன்னு அவருகிட்ட போன்ல அழுதேன்," என்றாள் மினாவர். "சம்பாதிச்சது போதும், திரும்பி ஊருக்கே போயிருவோம்னு சொன்னேன்." முந்தானை இல்லாத குறைக்குத் தலைத்துணி நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சரி, விடுங்க. எனக்கு எதுக்கு வம்பு? நானே ஆக்குதேன். நாளைக்கு மத்தியானம் ரெண்டு பேரும் வந்து உக்காருங்க. முந்தியும் வேண்டாம் பிந்தியும் வேண்டாம்."

வாளிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அனார்குல் தன் வாளிகளை நிரப்பிக்கொண்டு நடந்தாள். பாதி வழியில்தான் விஷயம் உறைத்தது. விருந்து கிடைத்துவிட்டது! மாமியார் வருகிற நாளிலேயே. இனி யாரும் யாரோடும் கிளம்பிப் போக வேண்டியதில்லை. தண்ணீர் காலில் அலம்புவதுகூடத் தெரியாமல் வேகமாக வந்தாள்.

எசெனின் வண்டி அன்று பழுது பார்க்கப் போயிருந்ததால் அவன் வீட்டில் இருந்தான். கேட்டதும் மெத்தையில் குதித்து உட்கார்ந்தான்.

"பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல, கூப்பிடுவாங்கன்னு!"

"மூணு மாசம் முன்னாடி சொன்னீங்க. அவங்க என்ன சொல்றாங்க தெரியுமா, நாமதான் முந்தியாம். நீங்க அடுப்பு காயப்போட்ட பொகையப் பாத்துட்டுச் சொல்றாங்க. வீட்ல மனுஷங்களே இல்லன்னு எத்தனை தடவ சொல்றது?"

எசென் மெத்தையின் ஓரத்து நூலைப் பிய்த்தான்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. மனுஷங்களே இல்லன்னு அடிச்சுச் சொல்லாத. நான் இருந்தேன்ல."

"தீ மூட்டிட்டு விடுதிக்குப் போயிடுவேன்னுதானே சொன்னீங்க?"

"போவேன். சில நாள் அசந்துட்டேன். அடுப்பு கதகதன்னு இருக்கும். அங்கேயே படுத்துட்டேன்."

"எத்தனை நாள்?"

"ரெண்டு. மூணு. ஒரு வாரம் இருக்கும்னு வையேன்."

"சாப்பாடு?"

எசென் கால் கட்டை விரலைப் பார்த்தான். "சாம்பல்ல உருளைக்கிழங்கு சுட்டுத் தின்னேன். பசிக்கும்ல?"

அனார்குல் மெல்ல உட்கார்ந்தாள். தீ மூட்டி, சமைத்துச் சாப்பிட்டு, இராத் தங்கிவிட்டால் அது குடி. அதற்கு மேல் வாதாட ஒன்றும் இல்லை. ஏப்ரலிலேயே அவள் வீடு குடிவந்துவிட்டது. அவளுக்குத்தான் தகவல் இல்லை.

"இத ஏன் சொல்லல?"

"உருளைக்கிழங்கு தின்னத ஒரு விஷயம்னு யாராவது சொல்லுவாங்களா?" என்றான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாக, "இப்ப என்ன ஆயிடுச்சு? அவங்களே கூப்பிட்டாச்சு. நாளைக்குப் போறோம், சாப்புடுறோம், அம்மா தலைத்துணிய அவங்களுக்குக் கட்டிவிடுறாங்க. முடிஞ்சுது. உருளைக்கிழங்கு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே," என்றாள் அனார்குல்.

ஜன்னல் வழியே எதிர்வீட்டு முற்றம் தெரிந்தது. மினாவர் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் இருந்ததே ஒரு கோழிதான். நாலு வயதுக் குழந்தை அம்மாவின் பாவாடையைப் பிடித்து இழுத்து ஓவென்று அழுதது. மினாவர் கோழியைப் பிடித்துவிட்டாள். ஒரு கையில் கோழி, முதுகில் குழந்தை, பாவாடையில் ஒரு குழந்தை. அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

அனார்குலுக்கு அவமானமாக இருந்தது. மூன்று மாதமாகத் தனக்கு நடந்த அநியாயம் என்று எதை நினைத்து நினைத்துக் கருவிக்கொண்டிருந்தாளோ, அந்த அநியாயத்தைச் செய்துகொண்டிருந்தது தானேதான். அதுவும் புருஷனும் பக்கத்தில் இல்லாத ஒருத்திக்கு.

"நீ போய்ச் சொன்னேன்னா," என்றான் எசென் பின்னாலிருந்து, இந்த முறை விளையாட்டுக் குரல் இல்லாமல், "அம்மா உன்னக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. தெரியும்ல?"

"தெரியும்."

"அப்புறம் நான் இங்க யாரோட கிண்ணத்துல ரொட்டியத் தோய்க்கிறது?"

அனார்குல் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்தாள். கடப்பதற்கு இருபது எட்டுக்கூட இல்லை. மூன்று மாதத்தில் இதுதான் முதல் தடவை.

"கோழிய விடுங்கக்கா," என்றாள் வேலிக்கு வெளியே நின்று.

மினாவர் நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க பொகைதான் முந்தி. எங்க வீட்டுக்காரர் ஏப்ரல்லயே அங்க படுத்து எந்திரிச்சு, சமைச்சுத் தின்னுருக்காரு. எனக்கு இப்பத்தான் தெரியும். நாளைக்கு மத்தியானம் நீங்கதான் எங்க வீட்டுக்கு வரணும். புள்ளைங்களக் கூட்டிட்டு வாங்க. மத்த மூணு வீட்டையும் இப்பப் போய்க் கூப்பிடப் போறேன்."

"என்னத்தச் சமைச்சுத் தின்னாரு?" என்றாள் மினாவர், சந்தேகத்தோடு.

"உருளைக்கிழங்கு."

மினாவர் கோழியை இறக்கி விட்டாள். அது சிறகை உதறிக்கொண்டு ஓடியது. பிறகு கண்ணைத் துடைத்த கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "உருளைக்கெழங்குக்காடி தங்கச்சி மூணு மாசம் மூஞ்சியத் தூக்கிட்டுத் திரிஞ்சோம்?" என்றாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கெல்லாம் உரும்கான் வந்து இறங்கினாள். நாலு பேரோடு சேர்ந்து பிடித்த வாடகைக் கார். பின்பெட்டியில் கால் கட்டிய ஒரு கடா. வழி முழுக்க அது கத்தியதில் மற்ற பயணிகள் வெறுத்துப்போயிருந்தார்கள். குளிர்காலத்துக்கு மகன் வீட்டில் இறைச்சி இருக்க வேண்டும் என்று கொண்டுவந்திருந்தாள். மகன், மருமகள் நெற்றியில் முத்தமிட்டுவிட்டு, உள்ளே வந்து உட்காருமுன்பே பையைத் திறந்து ஒரு பூப்போட்ட தலைத்துணியை எடுத்தாள்.

"எந்த வீடு கூப்பிட்டுச்சு? மொதல்ல போய்க் கட்டிவிட்டுட்டு வந்துடுறேன்."

எசென் அம்மாவின் பையை ஓரமாக வைக்கிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டான்.

"யாரும் கூப்பிடலம்மா," என்றாள் அனார்குல். "நாங்கதான் கூப்பிட்டிருக்கணும். மூணு மாசமா தெரியாம இருந்துட்டோம். இன்னிக்குக் கூப்பிட்டிருக்கேன். நாலு வீடும் மத்தியானம் வருது." அடுப்பு, புகை, குழாயடி எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை.

உரும்கான் கேட்டுக்கொண்டே இருந்தாள். முடிந்ததும் மகனைப் பார்த்தாள். "உருளைக்கெழங்கு தின்னியாடா?"

"ரெண்டே ரெண்டும்மா."

அவள் தலைத்துணியை மடித்துப் பையில் வைத்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒருத்தரும் கூப்பிடவில்லை என்றால் கிளம்பி வர வேண்டும். அதுதான் பேச்சு. அனார்குல் நின்ற இடத்திலேயே நின்றாள். மூலையில் கல்யாணப் பெட்டி இருந்தது. அதைத் திரும்ப வண்டியில் ஏற்றினால் நிலைக்கண்ணாடியை மறுபடி மடியில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று என்னென்னமோ நினைப்பு ஓடியது.

"நாலு வீட்டுக்கும் என்ன போடப் போற?" என்றாள் உரும்கான்.

"மாவு பெசைஞ்சு வச்சிருக்கேன். கறி கொஞ்சந்தான் இருக்கு. உருளைக்கிழங்கு போட்டுக் குழம்பா…"

"இன்னும் உருளைக்கெழங்கா?" என்றாள் உரும்கான். "டேய், கடாவ எறக்கு."

அதற்குப் பிறகு பேச நேரமில்லை. எசென் கடாவை அறுத்தான். உரும்கான் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு குடலைக் கழுவ உட்கார்ந்தாள். அனார்குல் மாவை அகலமாகத் தேய்த்து இழை இழையாக அரிந்தாள். நடுநடுவே மாமியார் எழுந்து வந்து சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பதும், ஜன்னல் இடைவெளியில் திணித்த கந்தலை ஒரு விரலால் அழுத்திப் பார்ப்பதும் அவள் கண்ணில் பட்டது. அடுப்பின் முன்னால் உரும்கான் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள்.

"சாஞ்சிருக்கு," என்றாள்.

"எரியுதும்மா," என்றாள் அனார்குல்.

மத்தியானம் நாலு வீடும் வந்தன. இரண்டு அறை கொள்ளவில்லை, குழந்தைகளைக் கல்யாணப் பெட்டிமேல் உட்காரவைத்தார்கள். மினாவர் ஒரு தட்டு நிறைய உஸ்கென் அரிசியில் பலாவ் சோறு ஆக்கிக்கொண்டு வந்திருந்தாள். "பிந்தி வந்த குடி வெறுங்கையோட வரக் கூடாதுல்லா?" என்றாள். அவளுக்குப் பால் விடாமல் தனியாகத் தேநீர் போட்டுக் கொடுத்தாள் அனார்குல். கோடி வீட்டு அம்மாள், ஐம்பது வயதிருக்கும், "ஆங்காரம் புடிச்சவன்னு நெனச்சிட்டேன் புள்ள, முட்டாளுன்னு தெரியாமப் போச்சு," என்று அவள் கன்னத்தைக் கிள்ளினாள். எல்லோரும் சிரித்தார்கள். உரும்கானும் சிரித்தாள்.

பிறகு இறைச்சித் தட்டு வந்தது. எசென் தட்டை ஏந்திக்கொண்டு மண்டியிட்டு உட்கார்ந்தான். எந்த எலும்பு யாருக்கு என்பதில் அங்கே யாரும் விளையாட மாட்டார்கள். வந்தவர்களில் பெரியவருக்கு இடுப்பெலும்பு, அடுத்தவருக்கு அடுத்தது. வீட்டுக்காரர்களுக்குக் கடைசியில் மிஞ்சுவது. இடுப்பெலும்பை எடுத்த எசெனின் கை அப்படியே நின்றுவிட்டது.

அது ஏன் நின்றது என்பது பாய் மேல் இருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. கூட்டத்தில் மூத்தவள் அவன் அம்மாதான். ஆனால் கடைசி மகன் வீடு தாயின் வீடு. வீட்டுக்காரிக்கு விருந்தாளியின் எலும்பை வைக்க முடியாது. அம்மா முன்னால் வைத்தால், இது உன் வீடு இல்லை என்று சொன்னதாகும். அடுத்து மூத்தவளான கோடி வீட்டு அம்மாள் முன்னால் வைத்தால், இது அம்மாவின் வீடு. தன் வீட்டை அவள் எப்போது வேண்டுமானாலும் பூட்டி மருமகளைக் கூட்டிக்கொண்டு போகலாம். பேச்சுச் சத்தம் அடங்கிவிட்டது. எசென் மனைவியைப் பார்த்தான். அனார்குல் சமோவாருக்குப் பக்கத்தில் கிண்ணத்தோடு தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னடா கையில வச்சுக்கிட்டே ஆற வைக்கிற?" என்றாள் உரும்கான். கையை நீட்டினாள். "இங்க வை. அட்பாஷியிலேர்ந்து வந்திருக்கேன். என்னவிட தூரத்துல இருந்து வந்த விருந்தாளி வேற யாரு இருக்கா?"

எசென் வைத்தான். மினாவர் பெருமூச்சு விட்டது எல்லோருக்கும் கேட்டது. பேச்சு மறுபடி கிளம்பியது. மற்ற எலும்புகள் சரசரவென்று போய்ச் சேர்ந்தன. மருமகளுக்குக் கடைசியில் மிஞ்சிய கழுத்துத் துண்டு வந்தது. வீட்டுக்காரியின் பங்கு. அனார்குல் அதை வாயில் வைத்தாள், மெல்ல முடியவில்லை. வீடு அவளுடையதாகிவிட்டது. மூன்று மாதம் ஆசைப்பட்டதற்கு இப்போது ஆனந்தமாக இருக்க வேண்டும். இருந்தது. கூடவே மாமியார் பக்கம் பார்க்கக் கூச்சமாகவும் இருந்தது.

உரும்கான் எலும்பிலிருந்து இரண்டு துண்டு அறுத்துச் சாப்பிட்டாள். ஒரு துண்டு மினாவரின் குழந்தைக்குக் கொடுத்தாள். சாப்பாடு முடிந்து, கைகளை ஏந்தி வாழ்த்துச் சொல்லி முடித்ததும், வந்தவர்கள் வழக்கம்போல மிச்சப் பங்கை வீட்டிலிருப்பவர்களுக்கு எடுத்துப்போகப் பை கேட்டார்கள். அனார்குல் ஒவ்வொருவருக்கும் கொடுத்துக்கொண்டு வந்தாள்.

"எனக்கும் ஒண்ணு குடும்மா," என்றாள் உரும்கான். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போகணும்."

அட்பாஷி வீட்டில் அவளைத் தவிர அதைத் தின்ன இனி யாரும் இல்லை. எசென் வாசல் பக்கம் போய்விட்டான். அனார்குல் இருந்ததில் பெரிய பையாக எடுத்து, இடுப்பெலும்பை வைத்து, கூடத் தன் கையால் நாலு நல்ல துண்டுகளும் வைத்து, இறுக்கி முடிச்சுப் போட்டு மாமியாரிடம் இரண்டு கைகளாலும் நீட்டினாள்.